சர்வர் இணையவில்லையா? பழுது எங்கே, பொறுப்பு யாருடையது?

இரவு ஒன்பது மணிக்கு மேல் கோவிலம்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் போனும் கையுமாக கேமில் உட்காரும் நேரம். யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் போகும். கேமைத் திறந்தால் மட்டும் 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று வரும். உடனே கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடுகிறவர்கள்தான் மோசடிக்காரர்களிடம் சிக்குகிறார்கள். பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், யாரிடம் கேட்க வேண்டும், யாரை நம்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் சோதனை

மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு அதே கேமைத் திறந்து பாருங்கள். ஓடினால் கோளாறு பிராட்பேண்ட் லைனிலோ வைஃபை ரூட்டரிலோ இருக்கிறது. இரண்டிலும் ஓடாவிட்டால் சர்வர், உங்கள் கணக்கு, போன் இந்த மூன்றில் ஒன்று, அல்லது அரசுத் தடை. போனில் தேதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கிறதா, கேம் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நேரம் தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சர்வர் இணைப்பே அமையாமல் போகும்.

லைனில்தான் கோளாறு என்றால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக மினுக்கினால் இழையில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஆள் வந்து இழையை ஒட்டித்தான் ஆக வேண்டும். மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ பாதை கோவிலம்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. பள்ளம் தோண்டும் இடங்களில் கேபிள் அறுபடுவது புதிதல்ல. தோண்டுகிறவர்கள் கேபிள் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதற்கென்றே 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை மத்திய அரசு தொடங்கியது.

விளக்கு பச்சையாக இருந்தும் நண்பர்களின் அறையில் மட்டும் சேர முடியவில்லை என்றால், ரூட்டர் அமைப்பில் 'வேன் ஐபி' முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்கு நிறுவனம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒரே கதவு எண்ணில் நூறு குடும்பம் இருந்தால் வெளியிலிருந்து வரும் தபால் யாருக்கென்று தெரியாது அல்லவா? அதே கதைதான். தனிப் பொது ஐபி தருவீர்களா, கட்டணம் எவ்வளவு என்று நிறுவனத்திடமே கேளுங்கள்.

பிங் பூஸ்டர் எனும் ஏமாற்று

ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னை – சிங்கப்பூர் கடலடி கேபிளான ஐ2ஐ-யின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிசெகண்ட் ஆகியே தீரும். இந்தப் போய்வரும் நேரத்தைத்தான் பிங் என்கிறார்கள். சிங்கப்பூர் சர்வரில் 5 பிங் தருகிறேன் என்று ஒரு செயலி சொன்னால் அது பொய். அதை நம்பி ஏபிகே ஃபைலை நிறுவினால், அது கேட்கிற எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும் சேர்த்தே கொடுத்துவிட நேரலாம். ஓடிபி அந்த வழியாகவே வெளியே போகும்.

அரசே தடுத்திருந்தால்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 செயலிகளும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் உள்ளிட்ட 54 செயலிகளும் தடை செய்யப்பட்டன. இப்படித் தடுக்கப்பட்டதை வீட்டில் எதை மாற்றியும் சரிசெய்ய முடியாது. 'தடையை நீக்கித் தருகிறோம்' என்று டெலிகிராமில் வரும் ஃபைல்களைத் தொடாதீர்கள்.

பணம் கட்டி ஆடும் ரம்மி, ஃபேன்டசி விளையாட்டுகள் வேறு ரகம். ஆன்லைன் விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்ததும் பெரிய நிறுவனங்கள் அவற்றை நிறுத்திக்கொண்டன. ஆடியவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. 'உங்கள் பேலன்ஸை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள்.

உங்கள் உரிமைகள்

லைன் பழுது என்றால் நிறுவனத்தில் புகார் பதிந்து புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். பிளம்பரிடம் சொல்வதுபோல் லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் எங்கும் பதிவாகாது. பதிலில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத் தர விதிகளின்படி நிலைவழி இணைப்புப் பழுதைச் சரிசெய்ய மூன்று நாட்களுக்கு மேல் ஆனால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும்.

அதற்கும் அசையவில்லையா? 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். கோவிலம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால் அந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சர்வரை நடத்தும் நிறுவனமே முடங்கினால் நம் பிடி தளர்வுதான். 2025 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரு நாள் படுத்தபோது, சந்தாதாரர்களுக்கு ஐந்து நாள் கூடுதல் சந்தாவைத்தான் சோனி கொடுத்தது. கேமுக்குள் பணம் போடும் முன் இதை யோசியுங்கள்.

பணம் போய்விட்டால்

ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் முடக்கினால்தான் மீட்கும் வாய்ப்பு. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை சொல்வது இது. திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டத்தில்தான் சேரும். எனவே பணம் போன அன்று திட்டாமல் முதலில் போனை எடுத்து 1930-ஐ அழுத்துங்கள். கண்டிப்பை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.