வரைதலும் வனைதலும்

மாணவர்களே! குடத்தைக் காண்போர் குயவனின் கைத்திறனைப் புகழ்வர். அக்கை அசையுமுன் அவன் உள்ளத்தில் எழுந்த வடிவத்தை எண்ணுவார் சிலரே. யாருக்கு, எதற்கு, எப்பொருளால் என ஆராய்ந்து, கோடிட்டு வரைந்து, செய்து பார்த்து, குறை கண்டவிடத்துத் திருத்துவதே வடிவமைப்புக் கல்வியாகும். இங்கிலாந்துப் பள்ளிகளில் இது 1990 முதல் கட்டாயப் பாடமாயிற்று.

நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி புகட்டும் முறையைக் காந்தியடிகள் முன்வைத்தார். நூற்கும் சிறுவன் நூலை அளக்கையில் கணிதமும், பருத்தி விளையும் நிலத்தை அறிகையில் புவியியலும் கற்பான் என்பது அதன் கருத்து. சென்னை மாநிலத்தில் 1953இல் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டமோ வேறு. அது பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகலாம் என்றது. குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழவே, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நேரியதே என்பேன். தச்சன் மகன் உளியையே பிடிக்க வேண்டும் என்பது கல்வியன்று; உழவன் மகளும் வணிகன் மகனும் உளி பிடித்துப் பழகுவதன்றோ கல்வி!

2016 முதல் அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், 6 முதல் 12 வரையுள்ள வகுப்பினர்க்கு ஆய்வகங்கள் அமைக்கப்பட்டு, முப்பரிமாண அச்சுப்பொறி முதலியன அளிக்கப்படுகின்றன. நன்றே. ஆயினும் கருவிக்கு முன் வேண்டுவது கோடு. ஓவியத்தை வீண்பொழுது என்பார் இன்றும் உளர். மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை பாட்டில் மட்டுமன்றி ஓவியத்திலும் வல்லவர் என்பதை அன்னோர் அறியார் போலும்.

அம்மோகனூருக்கு வடக்கே, நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் பல உள. தொழிற்சாலையிலிருந்து வருவது பொறியும் சக்கரமும் பூண்ட அடிச்சட்டமே. அதன்மேல் மரத்தாலும் இரும்பாலும் பாடி எழுப்புவர். வண்டியின் மொத்த எடைக்குச் சட்டம் வரம்பு வகுத்துள்ளது. ஆதலின் பாடி கனத்தால் ஏற்றும் சரக்கு குறையும். மிக மெலிந்தாலோ பாரத்தில் நெளியும். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதுதான் வடிவமைப்பு.

இதனை வகுப்பறையிலேயே காணலாம். இரு நூல்களுக்கிடையே ஒரு தாளைப் பாலமாக இட்டு, நடுவே ஒரு நாணயம் வையுங்கள், தாள் தொய்ந்துவிடும். அதே தாளை நீளவாக்கில் விசிறிபோல் மடித்து இட்டால் நாணயங்கள் பலவற்றைத் தாங்கும். எடை கூடவில்லை, வடிவமே மாறிற்று. பட்டறையில் இரும்புத் தகட்டின் ஓரங்களை மடித்துச் சட்டமாக்குவதும் இதுபற்றியே. மடிப்பின் எண்ணிக்கையை மாற்றி, எது மிகுதியாகத் தாங்குகிறதெனக் குறிப்பேட்டில் வரைந்து வாருங்கள்.