மழலையர்க்கு ஏற்ற மின்பலகை எது?



ஆண்டுதோறும் விசயதசமியன்று திருவனந்தபுரத்துப் பூசப்புரைச் சரசுவதி மண்டபத்தில், குழந்தைகள் அரிசியில் விரல் வைத்து முதலெழுத்து எழுதுகின்றனர். கரமனையிலும் சாலைக் கடைத்தெருவை அடுத்த தெருக்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தார் இக்காட்சியை நன்கறிவர். அரிசியிலிருந்து கற்பலகைக்குச் சென்ற அச்சிறு விரல், இன்று ‘டேப்லெட்’ என்னும் மின்பலகையைத் தேடுகிறது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் நம் குழந்தைக்குத் தமிழ் பெரிதும் வீட்டிலேயே கிட்ட வேண்டும். ஆதலின், எப்பலகை தமிழுக்கு இடந்தரும் என்பதே நமது முதல் வினாவாதல் வேண்டும்.

கடைகளில் காணப்படுவன மூவகையின.

முதலாவது, எழுதுவதற்கு மட்டுமே பயன்படும் எல்.சி.டி. சிலேட். குச்சியால் அழுத்திய இடத்தில் உள்ளிருக்கும் திரவப் படிகம் நிலைமாறி எழுத்தாகத் தோன்றும். பொத்தானை அழுத்தினால் யாவும் அழியும். அது தானாக ஒளிவிடுவதில்லை, பேசுவதுமில்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும் இதில் எம்மொழியையும் எழுதலாம்.

இரண்டாவது, குழந்தைகளுக்கெனவே அமைந்த கணினிப் பலகை. அமேசான் நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபயர் எச்.டி. கிட்ஸ்’ இவ்வகையது. கீழே விழினும் தாங்கும் தடித்த உறையும், ஈராண்டு மாற்று உறுதியும் இதன் சிறப்புகள். ஆயினும் கூகுளின் செயலிக் கடை இதில் அமைந்திருப்பதில்லை. நாம் விரும்பும் தமிழ்ச் செயலி அமேசானின் கடையில் உளதா என முன்னரே பார்த்தல் நன்று.

மூன்றாவது, குழந்தைகளுக்கான கட்டுப்பாடு அமைந்த பொதுப் பலகை. சாம்சங்கில் ‘சாம்சங் கிட்ஸ்’, ஐபேடில் 2018 முதல் ‘ஸ்கிரீன் டைம்’, ஆண்ட்ராய்டில் ‘ஃபேமிலி லிங்க்’ ஆகியவை இதற்கு உதவும். உறையைத் தனியே வாங்க வேண்டும். ஆனால் செயலிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இருக்கும்.

வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்க. தமிழ் விசைப்பலகையைத் திறந்து ‘கொக்கு’, ‘மௌனம்’ என்று எழுதிப் பாருங்கள். கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றனவா? குழந்தைக்குரிய பகுதியினுள் தமிழ்ச் செயலியைச் சேர்க்க இயலுமா? இணையமின்றியும் அது இயங்குமா? இவற்றிற்கு விடை கண்டபின் விலையைப் பேசலாம்.

தமிழ்ப் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலைக் கல்விப் பகுதி உண்டு.

எனினும் எப்பலகைக்கும் அளவு வேண்டும். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது, அதனினும் குறைதல் நலம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ‘டேப்லெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு மாத்திரை என்ற பொருளும் உண்டு. தமிழிலோ மாத்திரை என்பது அளவையும் குறிக்கும். மருந்தைப் போலவே இதனையும் அளவறிந்து கொடுத்தல் நம் கடன்.

அந்த ஒரு மணி நேரமும் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து, திரையில் தோன்றும் யானையைக் காட்டி, “இது என்ன கண்ணே?” என்று தமிழில் கேட்க வேண்டும். மழலை வாய் திறந்து விடை கூறுமாயின், எப்பலகையும் நற்பலகையே.