பட்ஜெட்டில் ஒரு கட்டணமில்லா பஸ்

2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ‘ஓசி பஸ்’ என்று கேலி பேசியவர்கள் உண்டு. ஓசி எங்கே இருக்கிறது? நடத்துநர் கிழித்துத் தரும் அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டுக்கான பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு பட்ஜெட்டிலிருந்துதான் ஈடுகட்டுகிறது. பூக்கூடையோடு ஏறுகிறவரும், இரண்டு பஸ் மாறி வீட்டு வேலைக்குப் போகிறவரும் தினமும் கொடுத்துவந்த காசு அவர்கள் கையிலேயே நிற்கிறது. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வில், ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவது தெரியவந்தது. மிச்சம் ஒருபுறம் இருக்கட்டும். கொஞ்சம் தள்ளி நல்ல கூலிக்கு வேலை இருந்தால் பஸ் செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

மத்திய அரசும் 2005-06 முதல் பட்ஜெட்டோடு, பெண்களுக்கான ஒதுக்கீடுகளைத் தொகுத்துக் காட்டும் பாலின பட்ஜெட் அறிக்கை வெளியிடுகிறது. 2025-26 அறிக்கையில் 4.49 லட்சம் கோடி ரூபாய், மொத்த பட்ஜெட்டில் 8.86 சதவீதம். மலைக்க வைக்கும் தொகைதான். ஆனால், முழுக்கப் பெண்களுக்கே என்று சொல்லும் முதல் பகுதியில் கிராமப்புற வீடு கட்டும் திட்டத்தின் மொத்தத் தொகையையும் பல ஆண்டுகளாகச் சேர்த்து வந்திருக்கிறார்கள். பட்டியலில் ஏற்றிவிட்டால் போதுமா? வீட்டுப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் வருவது நல்ல விஷயம். அந்த வீட்டில் குடியிருப்பது மொத்தக் குடும்பமும் அல்லவா!

அதே வீட்டுக்குள் நடப்பதைப் பார்ப்போம். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். பிள்ளை வளர்ப்பு இதில் சேரவில்லை, அது தனிக்கணக்கு. பஸ் வந்து வாசலில் நின்றாலும், இடுப்பில் இருக்கும் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? அங்கன்வாடி தையல் கம்பெனி ஷிப்ட் முடியும்வரை திறந்திருப்பதில்லை. அதை நடத்தும் பணியாளருக்கு, மாநில அரசு தனியாகக் கூட்டித் தருவது போக, அங்கன்வாடித் திட்ட விதிப்படி மாதம் 4,500 ரூபாய் மதிப்பூதியம். 2018இல் நிர்ணயித்த தொகை இது. பெண்களுக்கான செலவு என்று கணக்குக் காட்டும் திட்டத்திலேயே வேலை செய்யும் பெண்ணுக்கு இந்தக் கூலி என்றால் என்ன சொல்வது?

அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பு உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம் ஊர் அங்கன்வாடி மாலை ஆறரை வரை இயங்கவும், அந்த நேரத்துக்குப் பணியாளருக்கு முறையான சம்பளம் தரவும் எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள்?