அலுமினியப் பெட்டியில் காலாட்படை

டாங்கிகள் எவ்வளவு விரைந்து முன்னேறினாலும், பிடித்த இடத்தில் காலூன்றி நிற்க வேண்டியவன் காலாட்படை வீரனே. குண்டு மழைக்கு நடுவே அவனை டாங்கிகளுடன் எவ்விதம் கொண்டு சேர்ப்பது? இக்கேள்விக்கு அமெரிக்கச் சேனை 1960-ம் வருஷத்தில் கண்ட விடைதான் எம்-113 என்னும் கவச வண்டி.

பார்வைக்கு அது ஒரு பெரிய பெட்டி. சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டைகள் சேற்றிலும் வயலிலும் அதைச் சுமந்து செல்லும். முன்புறம் இடப் பக்கத்தில் ஓட்டுபவன். அவனுக்கு வலப் பக்கத்தில் என்ஜின். பின்னால் பலகைகளில் எதிரெதிராக வீரர்கள் 11 பேர். பின்கதவு கீழே சாய்ந்து சரிவுப் பாதையாகிவிட, அவர்கள் அவ்வழியே இறங்கி ஓடுவார்கள்.

வண்டியின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. சமையலறைப் பாத்திரம் செய்யும் உலோகத்திலா யுத்த வண்டி என்று நேயர்கள் வியக்கலாம். அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே குண்டைத் தடுக்கத் தகடு அதிகக் கனமாக இருக்க வேண்டும். ஆனால் கனத்த தகடு தானாகவே விறைத்து நிற்பதால், உள்ளே தாங்கு சட்டங்கள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அதனால் மிஞ்சிய எடையே லாபம். முதல் வண்டிகள் சுமார் 10 டன்தான். ஆகாய விமானத்தில் ஏற்றலாம்; பட்டைகள் துடுப்பாகச் சுழல, ஆற்றிலும் நீந்தும்.

இலேசாக இருப்பதற்கும் ஒரு விலையுண்டு. சாதாரணத் துப்பாக்கிக் குண்டையும் வெடிச் சிதறலையும் தடுத்த சுவர், பெரிய ஆயுதங்களைத் தடுக்கவில்லை. வண்டியின் உச்சியிலிருந்த யந்திரத் துப்பாக்கியை இயக்குபவனுக்கோ சுவரே கிடையாது. 1963-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி, வியத்நாமில் மீகாங் நதிமுகத்தைச் சேர்ந்த ஆப் பாக் கிராமத்தில் நடந்த சண்டையில், இடுப்புக்கு மேல் வெளியே தெரிய நின்று சுட்ட தென் வியத்நாமியத் துப்பாக்கியாளர் 14 பேர் மாண்டனர். பிறகுதான் துப்பாக்கிக்கு முன் கேடயம் பொருத்தினார்கள். முதற் கேடயங்கள் மூழ்கிய கப்பலின் தகட்டிலிருந்து வெட்டியவை. அவற்றையும் குண்டு துளைக்கவே, உடைந்த கவச வண்டிகளின் தகட்டை நாடினார்கள்.

கண்ணி வெடியோ அடியிலிருந்து தாக்கிற்று. உள்ளே அமர்ந்தால் ஆபத்து என்று கண்ட வீரர்கள், தரையில் மணல் மூட்டைகளைப் பரப்பிவிட்டுக் கூரைமீது ஏறிப் பிரயாணம் செய்தார்கள். காப்பதற்கென்று கட்டிய அறையை விட்டு, குண்டு பறக்கும் வெளியே பத்திரமென்று அவர்கள் கருதும்படி ஆயிற்று! எளிதில் தீப்பற்றும் பெட்ரோலுக்குப் பதிலாக டீஸல் என்ஜின் 1964-ல் வந்தது.

ஆயினும் வண்டி கைவிடப்படவில்லை; குடும்பமாகப் பெருகிற்று. கூரையை உயர்த்தியதும் தளபதியின் அலுவலகமாயிற்று. மார்ட்டர் சுமந்தது, விமானங்களைச் சுடும் ஆறு குழல் துப்பாக்கி தாங்கியது, டாங்கிகளை அழிக்கும் ஏவுகணை ஏந்தியது. காயமுற்றோரையும் ஏற்றிச் சென்றது. எல்லா வகையும் சேர்ந்து சுமார் 80,000 வண்டிகள் உருவாயின. 2022-ல் உக்ரேனுக்கும் அமெரிக்கா இவற்றை அனுப்பியது.

தகட்டின் கனத்தை வரைபடத்தில் தீர்மானிப்பவர்கள் கணக்கில் வல்லவர்கள். அக்கணக்கில் விட்டுப்போனதைத் திருத்திக் கொடுத்தவர்கள் உச்சியில் நின்று சுட்டவர்களும் கூரைமேல் அமர்ந்தவர்களுமே. கேடயத்தின் வரலாற்றை எழுதும்போது அவர்களையும் நாம் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.