காட்டைக் காக்க அழைக்கிறார்கள், ஒப்பந்தம் எங்கே?

வரட்சி கடுமையாகும் காலங்களில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் நீர் இறங்கும்போது, பழைய மஸ்கெலியாவின் கோவில் வெளியே தெரியும். 1969இல் அணை நிறைவு பெற்றதோடு மூழ்கிப்போன ஊர் அது. முதியவர்கள் கரையில் நின்று, கடைவீதி இருந்த திசையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவதை நாம் கண்டிருக்கிறோம். “பொது நன்மை” என்று அரசாங்கம் வரும்போது யாருடைய வீடு போகும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

இந்த ஏட்டை வாசிக்கும் உங்களிற் பலருக்கும் அப்படித்தான். 1977, 1983 வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தீர்கள். போரில் அதையும் விட்டு ஓடினீர்கள். திரும்பி வந்தபோது, பயிர் செய்த காணியே வனப்பகுதி என்று எல்லைக்கல் நடப்பட்டிருந்ததைச் சிலர் கண்டீர்கள்.

ஆகவே “காட்டைக் காப்பதில் மக்களும் பங்காளிகள்” என்று அதிகாரிகள் கூறும்போது எழும் சந்தேகம் நியாயமானதே. ஆயினும் அந்தப் பேச்சை அப்படியே தள்ளிவிடக் கூடாது என்பது எமது எண்ணம்.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள சிவனொளிபாதமலைக் காடு 1940இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 முதல் உலக மரபுரிமைப் பிரதேசத்தில் அடங்குகிறது. அங்கே ஊறும் நீர்தான் மஸ்கெலியா ஓயாவாக மவுசாக்கலையை நிரப்பி, மின்நிலையங்களை இயக்கி, களனி கங்கையில் சேர்ந்து கொழும்பு மக்களின் குழாய்வரை போகிறது. காட்டோர லயங்களில் இருப்போருக்கோ அது விறகு. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் காட்டிலிருந்து விறகுக் கட்டுடன் இறங்கும் பெண் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. பன்றியைத் தடுக்க மரக்கறித் தோட்டத்தில் கட்டும் கம்பிச் சுருக்கும் குற்றமே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு சுருக்கில் அகப்பட்டது அரிதான கருஞ்சிறுத்தை. சில நாட்களில் அது இறந்தபோது நாடே வருந்தியது. பன்றி கிண்டிய மரக்கறிப் பாத்திக்காக வருந்த யாரும் இருக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேற்கு வங்கத்தின் மிட்னாபூர் மாவட்டத்தில் அரபாரி என்ற இடத்திலும் இதே இழுபறிதான் இருந்தது. சால் மரக் காட்டை மக்கள் விறகுக்காக வெட்டினார்கள், காவலர் துரத்தினார்கள், காடு அழிந்துகொண்டே போனது. 1972இல் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, சுற்றியிருந்த 11 கிராமங்களில் 618 குடும்பங்களோடு பேசினார். ஏறத்தாழ 1,270 ஹெக்டேயர் காட்டை நீங்கள் காவுங்கள். வேலை தருகிறோம், விறகும் புல்லும் எடுக்கலாம், மரம் விற்ற வருமானத்தில் 25 வீதம் உங்களுக்கு என்றார். அடிக்கட்டைகள் துளிர்த்துக் காடு மீண்டது. 1989இல் மாநில அரசு ஆணை பிறப்பித்து அம்முறையை வேறு காடுகளுக்கும் கொண்டுசென்றது. 1990 ஜூன் மாதம் இந்திய மத்திய அரசும் எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. பங்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லப்பட்டதே அங்கு மக்களை இழுத்தது.

எமது நாட்டில் 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சமூகக் காடாக்கத் திட்டம் தொடங்கியது. அதில் பொதுத் தோப்புகள் பெரும்பாலும் தோற்றன. மக்கள் கூலிக்கு மரம் நட்டார்கள். நட்ட மரம் யாருடையது என்பதில் தெளிவில்லை. நாமும் ஒருமுறை மரநடுகை விழா ஒன்றில் கன்றை ஆசீர்வதித்து, படமும் எடுத்து வந்தோம். அடுத்த வரட்சிக்கு ஒரு கன்றும் மிஞ்சவில்லை. தண்ணீர் ஊற்றுவது யார் என்று நாமும் கேட்கவில்லை. 1995 தேசிய வனக் கொள்கை மக்களின் பங்கை ஏற்றது. 2003இல் தொடங்கிய ஆஸ்திரேலிய உதவித் திட்டத்தில், கிராமச் சங்கங்கள் வனத் திணைக்களத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்து, சிதைந்த காடுகளைப் பொறுப்பேற்றன. இவை பெரும்பாலும் உலர், இடைவலயக் கிராமங்கள். வன்னியில் இருப்போர் இதனைக் கவனித்துக் கொள்ளுங்கள். வறண்ட பூமிக்கென்றே உண்டான வழி இது.

லயத்தில் இருப்போரின் நிலை வேறு. காணி அரசினுடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம், குடியிருப்பவருக்கோ உறுதிப்பத்திரம் இல்லை. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடவே சட்டம் தடையாக இருந்தது. அப்படிப்பட்ட மக்களோடு திணைக்களம் எப்படி ஒப்பந்தம் எழுதும்? திணைக்களமும் கம்பனியும் மட்டும் கைச்சாத்திட்டால், லயத்து மக்களுக்கு மிஞ்சுவது சம்பளமில்லாத காவல் வேலை.

சரணாலயத்துக்குள் வெட்ட உரிமை கேட்கச் சொல்லவில்லை. மாணாப் புல் மூடிக் கைவிடப்பட்ட தேயிலை மலைகள் தோட்டந்தோறும் கிடக்கின்றன. அவற்றில் விறகு மரம் வளர்த்து, குடும்பத்துக்கு இத்தனை கட்டு என்று எழுதி, தோட்ட மக்கள் சங்கத்தை மூன்றாம் தரப்பாகச் சேர்க்கலாம். பன்றி வேலிக்கு உதவியும் அதே கடதாசியில் வரட்டும்; பதிலுக்குச் சுருக்குக் கட்டுவதில்லை என்று சங்கம் கையெழுத்திடலாம்.

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் பெண்களை முன்வரிசையில் இருத்துங்கள். விறகு சுமப்பவர்கள் அவர்களே. கூட்டக் குறிப்பின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். தமிழும் 1987 முதல் அரசகரும மொழி. பிரதி கைக்கு வரும்வரை கன்று நட மண்வெட்டி தூக்க வேண்டாம்.