இரு கரையும் கண்ட எழுத்தாளர்

1953ஆம் ஆண்டு மே 29ஆந் திகதி எவரெஸ்ட் சிகரத்தில் மனிதனின் அடி பதிந்தது. அச்செய்தியைச் சங்கேத மொழியில் இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகைக்குச் சேர்ப்பித்தவர் ஜேம்ஸ் மொறிஸ் என்னும் நிருபர். பனியின் நிலை மோசம் என்று அவர் எழுதினால், சிகரம் எட்டப்பட்டது என்று பொருள்! படையிற் பணியாற்றியவர், ஒக்ஸ்போர்டிற் கற்றவர், எலிசபெத் என்னும் மங்கையை 1949இல் மணந்தவர். உலகம் ஆண்மகன் எனக் கொண்டாடிய இவரே, பின்னர் ஜான் மொறிஸ் என்னும் பெண்மணியாக வாழ்ந்து, 2020இல் தமது 94ஆவது வயதில் மறைந்தார்.

மூன்று அல்லது நான்கு வயதில், தாயாரின் பியானோவின் கீழ் அமர்ந்திருந்தபோதே தாம் பெண்ணாய்ப் பிறந்திருக்க வேண்டியவர் என உணர்ந்ததாக, 1974இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவர் கூறுகிறார். பால் உடலைச் சார்ந்தது; ஆண்மை பெண்மை என்பன உள்ளத்தின்பாற்பட்டவை என்பது அவர் துணிபு.

நம்மை நெடிது சிந்திக்கச் செய்தது அந்நூலின் வேறொரு பகுதியாகும். இமயத்தில் ஏறிய அதே மனிதரை, பெண்ணுடையிற் கண்டோர், மோட்டார்க் காரைப் பின்னோக்கிச் செலுத்தவும் போத்தலைத் திறக்கவும் மாட்டாதவர் எனக் கருதினர். கருதக் கருத, அவ்வல்லமை மெய்யாகவே தம்மை விட்டு நீங்கக் கண்டாராம்! சட்டத்தரணி ஒருவர், நாற்பதைக் கடந்த அவரைக் குழந்தையை விளிப்பதுபோல விளித்தார். பெண்மையைப் பற்றிய அவர் கருத்துகள் பழைமையானவை எனப் பெண் எழுத்தாளர் சிலர் கடிந்தனர். அக்கண்டனம் முற்றும் பிழையன்று. ஆயினும் இரு கரையிலும் வாழ்ந்தவரின் சான்று இது. கணிதம் பெண்பிள்ளைகளுக்கு வராது என வீட்டிலும் வகுப்பிலும் ஓதிக்கொண்டிருப்போர் இதனைப் படித்தல் நன்று.

சத்திரசிகிச்சைக்கு முன் மனைவியை விவாகரத்துச் செய்தல் வேண்டும் என இங்கிலாந்தின் மருத்துவர்கள் கூறினர். அதற்கு அவர் இசைந்தாரல்லர். 1972இல் மொரொக்கோவின் கசபிளங்கா நகருக்குச் சென்று சிகிச்சை பெற்றார். பின்னர்ச் சட்டத்தின் பொருட்டு மணம் முறிந்தது, இல்லறம் முறியவில்லை. வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இருவரும் ஒருங்கே வாழ்ந்தனர். ஐந்து மக்களைப் பெற்று, ஒன்றைச் சிசுப்பருவத்திலேயே இழந்த எலிசபெத் அம்மையாரின் பக்கத்து வரலாறு நூலாகவில்லை. அதுவும் கேட்கத்தக்கதே என்பது நம் எண்ணம்.

உலகம் பெரிதுபடுத்திய அளவுக்கு அம்மாற்றம் பெரிதன்று என முதுமையில் ஜான் அம்மையார் சொல்வதுண்டு. 2008இல், புதிய சட்டம் இடமளிக்கவே, இருவரும் உள்ளூர்க் கந்தோரில் வாழ்க்கைத் துணைவராக மீண்டும் பதிவுசெய்துகொண்டனர். சாட்சிக் கையொப்பமிட்ட தம்பதியர் அவர்களைத் தம் இல்லத்துக்கு அழைத்துத் தேநீர் அளித்தனர்.