சுவர் வெட்டுப்படாது, நொறுங்கும்

டிரில் மெஷின் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டக் கிளம்பினேன். பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டியதில் கை மரத்தது, தோள் கடுத்தது, பிட்டின் முனை நீலம் பாய்ந்து கறுத்தது. சுவரில் விழுந்தது என்னவோ மிளகளவுப் பள்ளம்தான். சத்தம் பொறுக்காமல் எட்டிப் பார்த்த எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் மெஷினை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது இரும்புக்குப் போடுற பிட்டு. அதுவும் சுத்தியல் படத்துக்கு மாத்தாமலே சுவரைத் தடவிக்கிட்டு இருந்திருக்கீங்க." வேறு பிட்டு மாட்டி, மெஷினின் தலையிலிருந்த சின்னக் குமிழைத் திருப்பினார். அடுத்த பத்து விநாடியில் ஓட்டை தயார்.

அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று முறுக்குப் பிட்டு, மற்றது சுத்தியல். மரத்திலும் இரும்பிலும் நடப்பது வெட்டு. பிட்டின் கூர் விளிம்பு மரத்தைச் சீவுகிறது, இரும்பைச் சுருள் சுருளாக உரிக்கிறது. தச்சர்கள் வில்லும் கயிறுமாக இழுத்துச் சுழற்றிய துறப்பணம் செய்ததும் இதே வேலைதான். செங்கல்லும் சிமென்ட்டும் அப்படி உரிந்து வராது. கத்தியால் தேங்காயைச் சீவலாம், கொட்டாங்கச்சியைச் சீவ முடியுமா? தட்டித்தான் உடைக்க வேண்டும். சுவரை மெஷின் துளைப்பதில்லை. தட்டித் தட்டி நொறுக்குகிறது. சுழற்சி அங்கே இரண்டாம்பட்சம். ஒவ்வொரு தட்டும் புது இடத்தில் விழும்படி முனையைக் கொஞ்சம் நகர்த்துவதும், நொறுங்கிய தூளைப் பிட்டின் பள்ளம் வழியே வெளியே ஏற்றுவதும்தான் அதன் பங்கு.

கல் குவாரியில் கையால் வேலை செய்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைப் பிடித்திருப்பவர் அதைச் சற்றே திருப்புவார். மாமல்லபுரத்துப் பாறைகளில் ஆப்படிக்க வெட்டிய குழிகளை வரிசையாகக் காணலாம். அந்தக் காலத்து உளிக்கும் இந்தக் காலத்து மெஷினுக்கும் கல்லைப் பொறுத்தவரை ஒரே வழிதான்.

சுத்தியல் பக்கம் திருப்பினால் உள்ளே நடப்பது வேடிக்கையானது. பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்று சுழலும், மற்றது அசையாது. நாம் மெஷினைச் சுவரோடு சேர்த்து அழுத்தும்போது இரண்டும் முட்டுகின்றன. ஒன்றின் பல் மற்றதன் பல்லில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பிட்டு ஓர் இடி இடிக்கிறது. ஜல்லிச் சாலையில் மாட்டுவண்டி போவது போன்ற குலுக்கல். அழுத்தாவிட்டால் பற்கள் முட்டாது, இடியும் இல்லை. கடையில் பரவலாகக் கிடைக்கும் 13 மி.மீ. மெஷினின் பெட்டியில் நிமிடத்துக்கு 2,800 சுற்று, 44,800 இடி என்று போட்டிருக்கும். வகுத்துப் பாருங்கள், சுற்றுக்கு 16 வரும்.

44,800 என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை எல்லாம் சிட்டுக்குருவி கொத்தல்கள். செங்கல்லுக்கும் பூச்சுக்கும் போதும். கான்கிரீட் தூணிலோ பீமிலோ ஜல்லி குறுக்கே வந்தால் மெஷின் அலறுமே தவிர நகராது. அதற்கு ரோட்டரி ஹேமர் வேண்டும். அதனுள்ளே பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்த, அழுந்திய காற்று ஓர் எஃகுக் குண்டைத் தூக்கியெறிய, அது பிட்டின் வாலில் மோதுகிறது. நிமிடத்துக்கு நாலாயிரம் இடிதான், ஆனால் ஒவ்வொன்றும் நிஜமான சம்மட்டி அடி. ஆள் சாய்ந்து அழுத்தவே வேண்டாம், பிடித்துக்கொண்டிருந்தால் போதும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1932இல் 'பாஷ் ஹேமர்' என்ற பெயரில் அப்படியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வருடத்துக்கு நான்கு ஓட்டை போடுகிறவர் அதை வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து. பீமில் கொக்கி மாட்ட வேண்டிய நாளில் வாடகைக்கு எடுக்கலாம், அல்லது அண்ணனைக் கூப்பிடலாம்.

மோட்டார் விஷயத்தில் டிரில்லும் மிக்ஸியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டிலும் இருப்பது யுனிவர்சல் மோட்டார். ஏசி, டிசி இரண்டிலும் ஓடும், சிறிய உருவத்தில் பெரிய வேகம் தரும். சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை இரண்டு கார்பன் கட்டிகள். உரசி உரசித் தேய்வதே அவற்றின் விதி. மெஷின் விட்டு விட்டு ஓடினால், காற்றோட்ட இடுக்கு வழியே பெரிய பெரிய பொறியாகத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைக் கழற்றி, பழைய கட்டியை எடுத்துப்போய்க் கடையில் காட்டி அதே அளவில் ஒரு ஜோடி வாங்கிப் போடலாம். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் மாற்றுவதுதான் சரி. புதுக் கட்டி முழுதாகப் படிந்து உட்காரும்வரை கொஞ்சம் பொறி வரும், பயப்பட வேண்டாம்.

மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. மெதுவாக ஓட்டினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். குறைந்த வேகத்தில் நெடுநேரம் முக்கி முக்கி வேலை வாங்கும்போது சூடு ஏறுவது இதனால்தான். அப்போது நிறுத்திவிடுவதைவிட, பிட்டை வெளியே எடுத்து அரை நிமிடம் முழு வேகத்தில் சும்மா ஓடவிட்டால் உள்சூடு வெளியேறும்.

கைத்துப்பாக்கி போன்ற இந்த உருவம் தற்செயலாக வந்ததல்ல. மின்சாரத்தில் துளையிடும் கருவிக்கு 1889இல் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் இருவரும் காப்புரிமை பெற்றார்கள். கையில் தூக்கிப் பிடிக்கும் வகையை 1895இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் செய்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் டங்கன் பிளாக்கும் அலோன்சோ டெக்கரும் துப்பாக்கிப் பிடியையும், விரலால் அழுத்தும் விசையையும் சேர்த்து 1917இல் காப்புரிமை வாங்கினார்கள். இன்று தெருமுனைக் கடையில் கிடைக்கும் எந்த மெஷினும் அந்த உருவத்திலிருந்து அதிகம் விலகவில்லை.

பிட்டைப் பார்ப்போம். சுவர் பிட்டின் நுனியில் வேறு நிறத்தில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு. 1920களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் இதை 'விடியா' என்ற பெயரில் விற்றது. 'வைரம் போல' என்ற பொருளுள்ள ஜெர்மன் சொற்களைச் சுருக்கிய பெயர். தகட்டின் விளிம்பு பார்ப்பதற்கு மொண்ணையாக இருக்கும். தீட்டித்தரச் சொல்லி யாரிடமும் போக வேண்டாம், அது இடிப்பதற்கான முனை. சூடேறிய பிட்டைத் தண்ணீரில் முக்குவது பலருக்குப் பழக்கம். கார்பைடு திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விட்டுவிடும். ஓட்டையிலிருந்து அவ்வப்போது வெளியே இழுத்தாலே போதும், தூளும் வெளியேறும், சூடும் தணியும். பிட்டை மாட்டும்போது சாவியைச் சக்கிலுள்ள மூன்று துளைகளிலும் போட்டு இறுக்குங்கள். ஒன்றில் மட்டும் இறுக்கினால் இடிக்கிற இடியில் தளர்ந்து பிட்டு சுவரிலேயே நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தூள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். முதலில் சாம்பல் நிறத்தில் வருவது பூச்சு. நம் வீடுகளில் உட்பக்கம் அரை அங்குலம் இருக்கும். பிறகு செக்கச் சிவக்க வந்தால் செங்கல், நல்ல இடம். சாம்பல் நிறமே தொடர்ந்து, எளிதாகவும் இறங்கினால் இரண்டு செங்கலுக்கு இடையிலுள்ள கலவையில் மாட்டியிருக்கிறீர்கள். ஓர் அங்குலம் தள்ளிப் போடுவது நல்லது. சாம்பல் நிறம் தொடர்ந்து, மெஷினும் திணறினால் அது கான்கிரீட். வெள்ளையாக, மாவு மாதிரி கொட்டினால் இப்போதைய அடுக்குமாடிகளில் வைக்கும் எடை குறைந்த ஏஏசி பிளாக். அங்கே உடனே சுத்தியலை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை பிட்டைவிடப் பெரிதாகிவிடும். டைல்ஸுக்கும் அப்படியே: மேலே டேப் ஒட்டி, மெதுவாக, தட்டாமல். டைல்ஸைக் கடந்து சுவருக்குள் போன பிறகுதான் சுத்தியல்.

தூள் வந்து சொல்லும்வரை காத்திருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும், பக்கவாட்டு வரிசையிலும் சுவருக்குள் ஒயர் குழாய் போகலாம். குழாய்த் திருகுக்கு நேர் மேலே தண்ணீர்க் குழாய் போகலாம். அந்தக் கோடுகளில் கை வைக்காதீர்கள். டிரில்லுக்கு இரண்டு முள் பிளக்தானே இருக்கிறது, எர்த் இல்லையே என்று கேட்பவர்கள் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை என்று அதற்குப் பொருள். கண்ணாடி அணியாமல் தலைக்கு மேல் ஓட்டை போட வேண்டாம். தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். துப்பட்டா, லுங்கி நுனி, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எல்லாம் சுழலும் சக்குக்கு இரை. கையுறையும் அப்படித்தான். ஏறி நிற்கப் பிளாஸ்டிக் நாற்காலியா? அதைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓட்டை போடுவது பாதி வேலை. திருகைப் பிடித்து நிறுத்துவது சுவரல்ல, உள்ளே செருகும் பிளக். அந்தக் காலத்தில் உளியால் சுவரைக் கொத்தி, மரக்கட்டையை இறுக்கி, சிமென்ட் பூசி, காய்ந்தபின் அதில் திருகு ஏற்றுவார்கள். லண்டனில் கட்டட வேலை செய்த ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பவர், பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவர்களை அதிகம் சேதப்படுத்தாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தபோது, சணல் நாரைப் பசையில் தோய்த்துச் சிறு குழலாக்கிச் செருகினார். 1911இல் அதற்குக் காப்புரிமை. நம் ஹார்டுவேர் கடைக்காரர் 'ராவல் பிளக்' என்று டப்பாவிலிருந்து அள்ளித் தருகிறாரே, அது இந்த ராலிங்ஸின் பெயர்தான். இன்றைய நைலான் பிளக் ஜெர்மனியின் ஆர்டர் ஃபிஷர் 1958இல் செய்தது. ஆயிரத்துக்கும் அதிகமான காப்புரிமைகள் அவர் பெயரில் உண்டு; கேமராவின் கதவு திறக்கும் அதே கணத்தில் மின்னும் ஃபிளாஷும் அவற்றில் ஒன்று.

பிளக் செய்வது எளிய தந்திரம். திருகு உள்ளே ஏற ஏற அது வயிறு பெருத்துச் சுவரைச் சுற்றிலும் நெரிக்கிறது. அந்த நெரிசலின் உராய்வுதான் பிடி. ஆகவே ஓட்டை பெரிதாகிவிட்டால் பிடி போயிற்று. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட்டுதான், அரை மி.மீ. தாராளமும் கூடாது. ஓட்டைக்குள் தூள் மிச்சமிருந்தாலும் பிளக் வழுக்கும்; சைக்கிள் பம்பால் ஊதிவிடலாம். பிளக்கின் முழு நீளமும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். பூச்சுக்குள் மட்டும் நின்றால், பரண் பலகையோடு பூச்சும் பெயர்ந்து வரும். அதனால் பிளக் நீளத்தோடு பூச்சின் கனத்தையும் கூட்டி, இன்னும் அரை அங்குலம் சேர்த்து, அந்த அளவில் பிட்டில் ஒரு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். செருகும்போது பூச்சைத் தாண்டி உள்ளே தள்ளிவிடுங்கள்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பிளக்கை என்ன செய்வது? தீக்குச்சியை ஒடித்துச் செருகுவது நம் வீட்டு மரபு. காலண்டருக்குத் தாங்கும், கண்ணாடி அலமாரிக்குத் தாங்காது. பழையதை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, 8 மி.மீ. பிட்டால் அதே ஓட்டையை இன்னும் ஆழமாக்கி 8 மி.மீ. பிளக் போடுவதுதான் நிலைக்கும். திருகையும் அதற்கேற்பத் தடிமனாக்க வேண்டும்; பிளக் மாறி திருகு பழசாகவே இருந்தால் வயிறு பெருக்காது.

கடைசி இரண்டு சுற்றைக் கை ஸ்க்ரூடிரைவரால் முறுக்குங்கள். மெஷினுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இறுகிய பிறகும் சுற்றி, பிளக்கையும் சேர்த்துச் சுழற்றிவிடும்.

என் கடிகாரம் இப்போதும் அண்ணன் போட்ட ஓட்டையில்தான் தொங்குகிறது. நான் பத்து நிமிடம் தடவிய மிளகுப் பள்ளம் அதற்கு நான்கு விரல் தள்ளி இருக்கிறது. அதை மறைக்க ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறேன், தீக்குச்சி வைத்து.